மீட்பு வட்டும் இரண்டு ஒற்றுப்பிழைகளும்

என் ஓரகத்தி ஒரு பக்கத்தைப் படித்து முடித்தால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளிடம் கேட்கக் கூடாது. என்ன விட்டுப்போயிருக்கிறது என்று கேட்க வேண்டும். அதற்குத்தான் பதில் வரும்.

அவள் ஓர் அச்சகத்துக்கு மெய்ப்புப் பார்க்கிறவள். அச்சுக்குப் போகும் முன் பக்கங்களைப் படித்துப் பிழை திருத்திக் கொடுக்கிற வேலை. நான் இந்த வீட்டு மாடிக்கு இளைய மருமகளாக வந்தபோது, கீழ்வீட்டில் சிவப்பு மைப் பேனாவும் அடிக்கோலுமாக உட்கார்ந்திருந்தாள். பிறகு தாள் போய்த் திரை வந்தது. அச்சகம் பக்கங்களை மின்னஞ்சலில் அனுப்பத் தொடங்கியது. கூடத்து மூலையில் ஒரு கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. அவள் மட்டும் மாறவில்லை. திரையின் மேலும் அடிக்கோலை வைத்து, வரி வரியாக இறக்கிக்கொண்டுதான் படிப்பாள். ஒற்று மிக வேண்டிய இடத்தில் ஒரு க், ஒரு ச் விடுபட்டிருந்தால் போதும், சோற்றில் கல் கடித்த மாதிரி முகம் போகும். அதனால் அச்சகத்தில் அவளுக்கு ‘ஒற்று’ என்றே பெயர். அங்கே நாலு பேர் முதலாளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது இவள் வந்துவிட்டால், “ஒற்று வருது, பேச்சை மாத்து” என்பார்களாம். அதை அவளே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

பெரிய நாவல் ஒன்றைப் பல நாள் திருத்திக்கொண்டிருந்தாள். “கதை எப்படிக்கா இருக்கு?” என்று கேட்டேன். “பாதி எடத்துல வாழ்த்துகள், பாதி எடத்துல வாழ்த்துக்கள்” என்றாள். அவள் சித்தப்பா காலமான அறிவிப்பைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். ‘இறுதி சடங்கு’ என்று போட்டிருந்தது. “சடங்குக்கு முன்னாடி ஒரு ச் வரணும்” என்று சொல்லிவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள். கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். அந்தச் சித்தப்பாவுக்காக வாரக்கணக்கில் அழுதவள் அவள். கண் முதலில் போகிற இடம் அது, அவ்வளவுதான்.

அவள் கணவர், என் அத்தான், வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். எங்கள் பகுதியில் ஸ்டீயரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். பொறுமைக்குப் பேர்போனவர். பயிற்சி வண்டியில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் நடுச்சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு வியர்த்து வழிந்தாலும், பின்னால் பத்து வண்டி ஹாரன் அடித்தாலும், அத்தான் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, “சரி. அப்புறம்?” என்பார். திட்ட மாட்டார். அந்த அப்புறத்தைக் கேட்டால் கை நடுக்கம் நின்றுவிடும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். நானும் அவரிடம்தான் கற்றேன். எனக்கும் நின்றது.

ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்து சரிந்தார். பக்கவாதம். உயிர் தங்கியது, வலது கை போனது, பேச்சு போனது. புத்தி அப்படியே இருக்கிறது, சொல்தான் வாய்க்கு வராது என்றார்கள். மருத்துவமனையில் கண் விழித்துச் சுற்றிலும் நின்ற எங்களைப் பார்த்தார். எதையோ சொல்லப் பார்த்தார். வாயைத் திறந்தபோது வந்தது ஒரே ஒரு சொல்: “அப்புறம்.” தண்ணீர் வேண்டுமென்றாலும் அப்புறம், வலித்தாலும் அப்புறம், போதும் என்றாலும் அப்புறம். ஆயிரம் சொல்லில் அது ஒன்று மட்டும் ஏன் மிச்சமிருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. அந்த ஒன்றைக் கோபமாக, கெஞ்சலாக, கிண்டலாகச் சொல்ல அவரால் முடிந்தது. எங்களுக்கும் மெல்ல மெல்லக் காது பழகியது.

மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில் பேச்சுப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. வரிசையில் எத்தனையோ பேர் காத்திருப்பார்கள். அதனால் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஒரு வருடம் ஆனதும் மருத்துவர் சோதித்துப் பார்ப்பார். முன்னேற்றம் தெரிந்தால் பயிற்சி தொடரும். தெரியாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போகும். அதை அநியாயம் என்று சொல்ல முடியாது. அடுத்தவர் வீட்டிலும் ஒருத்தி காத்துக்கொண்டுதானே இருப்பாள்.

அத்தானிடம் ஒரு சிக்கல் இருந்தது. வெள்ளை அங்கியைப் பார்த்தால் வாய் கட்டிப்போகும். பயிற்சி தரும் பெண் அதைச் சீக்கிரமே கண்டுகொண்டாள். “வீட்ல அவர் பேசறதை வாராவாரம் வீடியோ எடுத்து வைங்கம்மா. சோதனையன்னைக்கு அதைக் காட்டினாத்தான் டாக்டருக்கு நிஜம் தெரியும்” என்று சொல்லி அனுப்பினாள்.

சொன்ன நாள் முதல் அக்கா ஒரு வாரம்கூடத் தவறவிடவில்லை. செல்போனைப் புத்தக அடுக்கின் மேல் சாய்த்து வைப்பாள். எதிரே அத்தானை உட்கார வைத்து ஒவ்வொரு பொருளாகக் காட்டுவாள். மாடியில் எனக்குக் கேட்கும்.

“இது என்னங்க?”

“சா… சாமி.”

“தப்பு. சாவி. வி. திரும்பச் சொல்லுங்க.”

“சாமி.”

“தப்பு.”

இப்படியே ஒரு மணி நேரம் போகும். தப்பு, தப்பு, மறுபடியும், தப்பு. எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் இறங்கிப் போய்ச் சண்டை போட்டேன். “அக்கா, அந்த மனுசன் வாயைத் திறக்கிறதே பெருசு. அதுலயும் பிழை திருத்தணுமா?”

“திருத்தாம விட்டா அதுவே அச்சாயிடும்டி” என்றாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பலன் இருந்தது. தண்ணி வந்தது. போதும் வந்தது. சாமி ஒருநாள் சாவி ஆனபோது கீழிருந்து அவள் என்னைக் கூப்பிட்ட குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். செல்போன் நிரம்ப நிரம்ப அந்த வீடியோக்களை ஒரு பென்டிரைவுக்கு மாற்றிவிட்டு, போனில் அழித்துவிடுவாள். கம்ப்யூட்டரில் வைக்க அவளுக்குப் பயம். “அது என்னைக்கு மண்டையைப் போடுமோ. இது தனியா இருக்கு, பத்திரம்” என்று அந்தப் பென்டிரைவைத் தன் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருந்தாள். அவளுக்கு அதைவிட முக்கியமான பொருள் அந்த வீட்டில் இல்லை. அதை வைத்துத்தான் அத்தானின் அடுத்த வருடமே இருந்தது.

அவள் பயந்த மாதிரியே கம்ப்யூட்டரும் மண்டையைப் போடத் தயாரானது. உள்ளே கரகரவென்று சத்தம் வந்தது. பக்கத்தைத் திறந்தால் திறக்காது. கடைக்காரரைக் கூப்பிட்டாள். அவர் போனிலேயே சத்தத்தைக் கேட்டுவிட்டு, “ஹார்ட் டிஸ்க் போகப் போகுதும்மா. நான் ரெண்டு நாள்ல வந்து மாத்தித் தரேன். அதுக்குள்ள மீட்பு வட்டு ஒண்ணு செஞ்சு வச்சிடுங்க. புது டிஸ்க்ல எல்லாத்தையும் பழையபடி ஏத்த அது வேணும். ஒண்ணும் கஷ்டமில்லை, அதுவே வழி சொல்லும்” என்றார்.

அவள் கம்ப்யூட்டர் தமிழில் பேசும். வேறு மொழியில் இருந்தால் திருத்த முடியாதே என்று அவள்தான் அப்படி மாற்றி வைத்திருந்தாள். அச்சகத்துப் பக்கங்களை அச்சகத்துக்கே அனுப்பிவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தேடும் இடத்தில் தட்டியதும் ‘மீட்பு வட்டை உருவாக்கு’ என்று வந்தது. “குச்சி மாதிரி இருக்கு, வட்டுங்கிறான்” என்று முணுமுணுத்தாளாம். கணினிக் கோப்புகளையும் சேர்க்கவா என்று கேட்டதற்குச் சேர் என்றாள். இதற்கென்றே வாங்கி வைத்திருந்த புதுப் பென்டிரைவைச் செருகினாள். இதில் போதிய இடம் இல்லை, பெரியது வேண்டும் என்றது.

மறுபடியும் கடைக்குப் போக வேண்டும். அத்தானைத் தனியே விட்டுப் போக முடியாது. நான் அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தேன். கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது பெரிய பென்டிரைவ். அதில் பாதிக்கு மேல் காலியிடம். வீடியோக்கள் ஒரு பக்கம் இருக்கட்டும், மீட்பு வட்டு இன்னொரு பக்கம் ஓரமாக உட்கார்ந்துகொள்ளட்டும் என்று நினைத்தாள். பேருந்தில் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுக்கிறோமே, அப்படித்தான் நினைத்தாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

செருகினாள். திரையில் ஒரு வரி வந்தது.

‘இந்த சேமிப்பகத்தில் உள்ள அனைத்து கோப்புகளும் நீக்கப்படும். தொடரவா?’

அவள் அடிக்கோலை வைத்துப் படித்தாள். ‘இந்த’வுக்குப் பிறகு ச் இல்லை. ‘அனைத்து’க்குப் பிறகு க் இல்லை. ஒரே வரியில் இரண்டு. இத்தனை பெரிய கம்பெனிக்கு ஒரு மெய்ப்புப் பார்க்கிறவள் கிடைக்கவில்லையா என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. “இந்தச் சேமிப்பகத்தில், அனைத்துக் கோப்புகளும்” என்று வாய்விட்டுத் திருத்திப் படித்தாள். அத்தான் படுக்கையிலிருந்து “அப்புறம்?” என்றார். “ஒண்ணுமில்லைங்க, ரெண்டு ஒற்றை விட்டுட்டான்” என்று பதில் சொல்லிவிட்டுத் ‘தொடர்’ என்பதை அழுத்தினாள்.

வேலை முடிய நேரமானது. பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து கடைசிக்கு வந்தது. ‘மீட்பு வட்டு தயார்’ என்றது. அதில் பிழை இல்லை. நிம்மதியாகப் பென்டிரைவைத் திறந்து பார்த்தாள். அவளுக்குப் புரியாத பெயர்களில் என்னென்னவோ இருந்தன. ஒரு வீடியோகூட இல்லை.

நான் வேலை முடிந்து வந்தபோது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். விளக்கைக்கூடப் போடவில்லை. “ரெண்டு ஒற்று போச்சேன்னு பாத்தேன்டி. எல்லாமே போகப் போகுதுன்னு அதே வரியில எழுதியிருந்திச்சு. திருத்திக்கூட வாசிச்சேன். படிக்கலை” என்றாள். அவள் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது, அதோடு அவள்மேல் கோபமும் வந்தது. பிழை பிழை என்று ஒரு வருடம் அவரைப் படுத்தியவளுக்கு இது ஒன்று கண்ணில் படவில்லையே என்று இருந்தது. நல்லவேளை, வாயை மூடிக்கொண்டேன்.

கடைக்காரர் வந்தார். புது டிஸ்க்கைப் பொருத்தினார். மீட்பு வட்டைச் செருகினார். கம்ப்யூட்டர் அன்றுதான் பிறந்த மாதிரி எழுந்து உட்கார்ந்தது. “கச்சிதமா செஞ்சிருக்கீங்கம்மா” என்று பாராட்டினார் அந்த மனிதர், விஷயம் தெரியாமல். நாங்கள் நடந்ததைச் சொன்னதும் முகம் மாறிப்போனார். பென்டிரைவைக் கடைக்கு எடுத்துப்போய் என்னென்னவோ செய்து பார்த்தார். அழித்தது மட்டும் என்றால் எடுத்துவிடலாம், அழித்த இடத்தின் மேலேயே வேறொன்றை எழுதிவிட்டது, தோண்டினால் வராது என்றார். பணம் வாங்க மறுத்துவிட்டார். ஒரு வீட்டில் இறங்கிவிட்ட துக்கம் அவருக்கும் தெரிந்திருந்தது.

அன்று மாலை அக்கா அத்தானின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். நான் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். என்னை எழுந்து போகச் சொல்லவில்லை. “நீங்க பேசினதெல்லாம் போயிடுச்சுங்க. நான்தான் அழிச்சிட்டேன். இனிமே டாக்டர்கிட்ட காட்ட ஒண்ணும் இல்லை” என்றாள். அவர் அவள் பக்கம் திரும்பினார். பிறகு இடது முழங்கையைத் தலையணையில் ஊன்றிக்கொண்டார். “அப்புறம்?” என்றார். நடுச்சாலையில் வண்டியை நிறுத்தியவர்களிடம் கேட்கிற அதே குரல். அப்போதுதான் அவள் அழுதாள்.

சோதனை நாளுக்கு அவகாசம் அதிகம் இல்லை. புதிதாக ஒரு வீடியோ எடுக்கலாம் என்றேன். எடுத்தோம். ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்து எங்கிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று யார் சொல்ல முடியும்? போதாக்குறைக்கு, அக்காவின் பதற்றம் அவருக்கும் தொற்றிக்கொண்டது. வந்த சொற்களும் உள்ளே போய் ஒளிந்துகொண்டன. அந்த வீடியோவில் பத்துக்கு எட்டு அப்புறம்தான்.

மருத்துவமனைக்கு நானும் போனேன். சக்கர நாற்காலியை நான் தள்ளினேன். அக்கா பக்கத்தில் நடந்தாள். மருத்துவர் வயதானவர், மரியாதையானவர். பயிற்சிப் பெண் ஓரத்தில் நின்றாள். மேசைமேல் படங்களை ஒவ்வொன்றாக வைத்தார்கள். சாவி, கடிகாரம், செருப்பு, குடை.

“இது என்னங்கய்யா?”

“அப்புறம்.”

“நிதானமா சொல்லுங்க. இது?”

“அ… அப்புறம்.”

கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது அவருக்கு. சாவிப் படத்தை அவர் பார்த்த பார்வையில் அந்தச் சொல் உள்ளே முட்டுகிறது என்று எனக்குத் தெரிந்தது. வெளியே வரவில்லை. அக்கா நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. மருத்துவர் படங்களை அடுக்கி வைத்துவிட்டு, வீட்டில் எடுத்த வீடியோக்கள் எங்கே என்று கேட்டார்.

“இல்லைங்க. என் தப்பு. கம்ப்யூட்டருக்கு மீட்பு வட்டு செய்யப் போய், எல்லாத்தையும் நான்தான் அழிச்சிட்டேன். எச்சரிக்கை வந்திச்சு, பாத்துக்கிட்டே அழுத்தினேன். தப்பு என்னோடது, அவர்மேல ஒண்ணுமில்லை. வீட்ல சாவின்னு சொன்னாருங்க. சத்தியமா சொன்னாரு” என்றாள் அக்கா. கடைசி வார்த்தைக்கு வரும்போது குரல் தேய்ந்துவிட்டது.

மருத்துவர் தலையசைத்தார். நம்பாமல் இல்லை. ஆனால் நம்பிக்கையை வைத்து அவர் என்ன செய்வார்? வெளியே பெஞ்சில் அடுத்த குடும்பம் உட்கார்ந்திருந்தது. பேனாவை மூடி வைத்தவர், பேச்சை முடிப்பதற்காகக் கேட்கிற மாதிரி, அக்காவைக் காட்டி அத்தானிடம் கேட்டார். “ஐயா, இவங்க யாரு?”

அத்தான் திரும்பி அவளைப் பார்த்தார். கோணிப்போன வாயின் நல்ல பக்கம் மெல்ல விரிந்தது.

“தப்பு” என்றார்.

தப்பு என்னோடது என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை. அவரும் ஆமாம் என்று சொல்லிவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். மருத்துவர் சங்கடப்பட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். அக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அத்தானோ இடது கையை நீட்டி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

“தப்பு, வா” என்றார். “வீடு.”

பயிற்சிப் பெண்தான் முதலில் புரிந்துகொண்டாள். “டாக்டர், அவங்களைக் கூப்பிடறாரு” என்றாள். “தப்பு, வா, வீட்டுக்குப் போகலாம்னு கூப்பிடறாரு.”

ஒரு வருடம் முழுக்க அவர் எதிரே உட்கார்ந்து, அவர் கண்ணைப் பார்த்து, ஒருத்தி ஓயாமல் சொன்ன சொல் அது. வேறென்ன பேரை அவர் அவளுக்கு வைத்திருக்க முடியும்? அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சின்னக் குழந்தை அம்மா என்று சொல்கிற மாதிரி, அவ்வளவு நிச்சயமாகச் சொன்னார்.

மருத்துவர் மூடிய பேனாவைத் திறந்தார். அக்காவைப் பார்த்து, “எப்பவும் இப்படிச் சேத்துச் சேத்துப் பேசுவாரா?” என்று கேட்டார்.

“இல்லைங்க. இன்னைக்குத்தான்” என்றாள் அவள்.

வரும்போது ஒரே சொல்லோடு வந்தவர், இன்று மூன்று சொல்லைக் கோத்துத் தனக்கு வேண்டியதைக் கேட்கிறார், இதைவிட என்ன முன்னேற்றம் வேண்டும் என்று பயிற்சிப் பெண்ணும் மருத்துவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். இன்னொரு வருடத்துக்கு இடம் கொடுத்தார்கள். வெளியே வரும்போது பெஞ்சில் இருந்த குடும்பத்தை நாங்கள் இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதன் பிறகு அத்தானுக்குச் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன, நிறைய இல்லை, இருந்தாலும் வந்தன. சாவி திரும்பி வந்தது. என்னைச் சின்னவளே என்று கூப்பிடுகிறார். காலையில் எழுந்ததும் கீழ்வீட்டிலிருந்து “தப்பு” என்று ஒரு குரல் கேட்கும். “இதோ வரேங்க” என்று ஒரு குரல் பதில் சொல்லும். முதன்முதலாக வருகிறவர்கள் திகைத்துப் போவார்கள்.

போன மாதம் பயிற்சிப் பெண் வீட்டுக்கே வந்திருந்தாள். அத்தானிடம் கொஞ்ச நேரம் பேசிப் பார்த்துவிட்டு, அக்காவிடம் சொன்னாள்: “நல்லா வந்திருக்காரும்மா. முன்னாடி உங்களை எப்படிக் கூப்பிடுவாரோ அதைச் சொல்லுங்க. ரெண்டு வாரம் பழக்கினா அந்தத் தப்பைத் திருத்திடலாம்.”

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அடிக்கோலை அடுத்த வரிக்கு இறக்கினாள்.

“வேண்டாம்மா” என்றாள். “அது இருக்கட்டும்.”